காத்தான் காலில் ஒரு வெட்டு

நன்னிலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் காத்தான். ஒரு நாள் பகல் பொழுதில் கடை வாசலில் வந்து நின்ற கிழவியைப் பார்த்துப் பதறி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலையே இழுத்துப் போட்டான். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை தொங்கி, உதட்டைச் சுற்றிச் சுருக்கம் விழுந்த கிழவி. வெயில் வேறு மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"உக்காருங்க பெரியம்மா. தண்ணி குடிக்கிறீங்களா? எந்த ஊரு?"

கிழவி உட்கார்ந்தாள். தண்ணீரை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "காலையில சட்னி சரியில்லன்னு மூஞ்சியத் தூக்கிட்டு வந்தீங்களே மாமா, மத்தியானச் சோத்துக்காவது வீட்டுப் பக்கம் வருவீங்களா, மாட்டீங்களா?"

காத்தான் கையிலிருந்த செம்புக்கம்பிச் சுருள் நழுவி உருண்டு சாக்கடை வரைக்கும் போனது.

அந்தக் கிழவிதான் பூவிழி. காத்தானுடைய சொந்தப் பொண்டாட்டி. வயது முப்பத்தெட்டு! கட்டின புருஷனே "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டான். வேறு பெண்ணாக இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. பூவிழியோ நடுத்தெருவில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் இடது கன்னத்துச் சுருக்கம் ஓரமாகப் பிய்ந்து தொங்க, காயில் கட்ட மோட்டாரோடு வந்திருந்த ஆள் மோட்டாரை விட்டுவிட்டு ஓடியேவிட்டார்.

பூவிழிக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் அழகுக்கலை படித்து, வீட்டு முன்னறையில் பார்லர் வைத்து, சுற்றுவட்டாரத்து மணப்பெண்களுக்கெல்லாம் முகம் எழுதி நல்ல பேர் எடுத்தவள்தான். ஆனால் வருகிற பெண்ணெல்லாம் கேட்பது ஒன்றையே. கறுப்பை மறை, பருவை மறை, தழும்பை மறை. மறைத்து மறைத்து அவளுக்கு அலுத்துப்போனது. எல்லாப் பெண்ணுக்கும் கடைசியில் ஒரே மூஞ்சிதானே வருகிறது! அப்போதுதான் ஒரு நாள் செல்போனில், எந்த தேசத்துப் பாஷையோ தெரியாது, ஒருத்தி ஒரு இளம்பெண்ணின் தோலை இழுத்துப் பிடித்து, ரப்பர் பாலைத் தடவி, காய வைத்து, கையை விட்டாள். தோல் சுருங்கி, அந்தப் பெண் கண் எதிரே பாட்டியாகிப் போனாள். அடேயப்பா! பூவிழி அன்றைக்குச் சோற்றை அடிப்பிடிக்க விட்டாள்.

மறைக்கிற வேலை ஒரு பக்கம் இருக்க, இல்லாததை உண்டாக்குகிற வேலையில் அவளுக்கு ஏறிய குஷி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. மெல்லிய காகிதக் கைக்குட்டையை அடுக்கடுக்காக ஒட்டினால் தோல். அதன் நடுவே கீறி விளிம்பைத் தூக்கிவிட்டால் வெட்டு. சர்க்கரைப் பாகில் சிவப்புக் கேசரிப் பவுடரைக் கரைத்தால் ரத்தம். வெறும் கேசரிப் பவுடர் ஆரஞ்சு அடிக்கிறது என்று பத்து விதமாகக் கலந்து பார்த்து, கடைசியில் காப்பி டிகாக்‌ஷன் இரண்டு சொட்டு விட்டாள். அப்படியே அச்சு அசல் ரத்தம்! கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் குதித்தாள்.

குதித்ததோடு நின்றிருக்கலாம். நெற்றியில் அரிவாள் வெட்டைப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் காட்டலாமென்று போனாள். அம்மா காளியம்மாள் நன்னிலத்தை அடுத்த கிராமத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவள், மகளின் முகத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. பொய்க் காயம் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

"தெய்வமே, ஒடம்புல ஒரு கீறலு இல்லாம இருக்கணும்னு ஒலகமே கும்புடுது. நீ காசு குடுத்து வாங்கி ஒட்டிக்கிறியேடி! இது வேணாம் பூவிழி. வெட்ட வெளையாட்டாக் கூப்புட்டா ஒரு நாளு நெசமாவே வந்துரும்."

அழுகை, சண்டை, இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் பூவிழிதான் இறங்கி வந்தாள். சினிமாவிலோ தொடரிலோ இந்த வேலையை நம்பி யாராவது கூப்பிடுகிறார்களா, ஒரே ஒரு தடவை பார்ப்பது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சாமான் பெட்டியோடு கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டு மணப்பெண் அலங்காரத்தோடு நின்றுவிடுவது. அம்மாவின் தலையில் கை வைத்துச் சொன்னாள். காளியம்மாள் தலையில் அடித்த சத்தியத்தை மறக்கிற ஆள் இல்லை.

அந்த ஒரே தடவை புரட்டாசியில் வந்தது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் குறுவை அறுப்பு, அந்தப் பக்கம் சம்பா நடவு என்று ஊர் மும்முரமாக இருந்த நேரம். ஒரு இணையத் தொடருக்குப் படம் பிடிக்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேக்கப் பொறுப்பாளர் தஹ்மீனா என்று ஒரு சென்னைப் பெண், வயது முப்பதுதான் இருக்கும். அவருடைய உதவியாளர் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போய்விட்டார். பூவிழி கிழவி வேஷத்தில் எடுத்துப் போட்டிருந்த வீடியோ எப்படியோ அவர் கண்ணில் பட்டிருக்கிறது. செய்தி வந்தது: 'காலில் அறுப்பு அரிவாள் வெட்டு. யாருக்காவது போட்டு நாளைக்குக் காலையில் அழைத்து வாருங்கள். பிடித்திருந்தால் கதாநாயகிக்கு நீங்கள்தான் போடப் போகிறீர்கள்.'

பூவிழி அதைப் படித்துவிட்டுக் காத்தானைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே அவன் வேட்டியை மடித்துக் காலை நீட்டிவிட்டான். நல்ல மனுஷன்!

மறுநாள் விடிந்ததும், வெளிச்சம் வேண்டுமென்று கொல்லையில் முருங்கை மரத்தடியில் அவனை உட்கார வைத்து, இடது முழங்காலுக்குக் கீழே வேலையை ஆரம்பித்தாள். வைத்திருந்த ரப்பர் பால் அவ்வளவும் தீர்ந்தது. உள்ளே கருஞ்சிவப்பு, விளிம்பில் வெளிறிய தோல், சுற்றிலும் லேசான நீலம், மேலே பாகு ரத்தம். முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையிலேயே இவ்வளவு அழகாக எதையும் அவள் செய்ததில்லை.

"ஏ பூவிழி, எனக்கே கால் வலிக்கிற மாதிரி இருக்குடி" என்றான் காத்தான்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க மாமா. கால ஆட்டாதீங்க!"

அவள் ஸ்கூட்டியை ஓட்ட, அவன் பின்னால் காலை அகட்டி நீட்டியபடி உட்கார்ந்துகொண்டான். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் பிரேக்கைப் போட்டு எட்டிப் பார்த்தார். பூவிழிக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆனால் படப்பிடிப்பு இடத்துக்குப் போக இன்னும் இரண்டே வளைவு இருக்கும்போது பின்னாலிருந்து காத்தான் அலறினான்.

"நிறுத்து! நிறுத்துடி! எறும்பு!"

முருங்கை மரத்தடியில் பாகு வாசனைக்கு ஏறிய எறும்பு. வேட்டிக்குள் எங்கெங்கோ போய்விட்டது. வண்டியை நிறுத்தியதும் இறங்கி ஓடி வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, "ஆ... அம்மா... ஐயோ..." என்று துள்ளினான். பூவிழி குனிந்து எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தாள். காயத்தில் கை படக் கூடாதே!

மதகுக்கு அடுத்த வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. புருஷன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். ரத்தம் சொட்டும் காலோடு ஒரு ஆள் துள்ளுவதைப் பார்த்தாள். அவ்வளவுதான்!

"ஏ, காளியம்மா! அது ஒம் மருமவன் இல்ல?"

பூவிழி தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் நாற்று முடிச்சுகள் நாலா பக்கமும் பறந்தன. சேற்றைப் பிளந்துகொண்டு காளியம்மாள் முன்னால் வர, அவளுடைய கூட்டாளி செங்கமலம் பின்னால் வர, மிச்சப் பேர் அதற்குப் பின்னால்.

"அம்மா, ஒண்ணும் இல்லம்மா, இது வந்து..."

யார் கேட்டார்கள்! செங்கமலம் வரும்போதே வரப்பில் முளைத்திருந்த வெட்டுக்காயப் பூண்டைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டாள். அந்தப் பக்கத்து வயலில் யாருக்கு எது வெட்டினாலும் முதலில் அதுதான். பாதியைக் கையில் கசக்கி, பாதியை வாயில் போட்டு மென்று, காயத்தின் மேல் அப்பி அமுக்கினாள். காளியம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டைச் சர்ரென்று கிழித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. பூவிழியின் வாழ்க்கையிலேயே அழகான வேலை சேற்றுக்கும் பச்சிலைக்கும் கந்தலுக்கும் அடியில் போய்விட்டது.

வாயிலிருந்த மிச்ச இலையை விரலால் வழித்துத் துப்பப் போன செங்கமலம் சட்டென்று நின்றாள். விரலை நக்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"ஐயய்யோ காளியம்மா, ஒம் மருமவனுக்குச் சக்கர ஏறிப்போச்சுடி! ரத்தமே இனிக்குது!"

காத்தானுக்கு அடக்க முடியவில்லை. கெக்கெக்கே என்று சிரித்துத் தொலைத்தான். காளியம்மாள் மருமகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகளின் தோளில் தொங்கிய பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஓடியாந்தேனே" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஈரக்கொல நடுங்க ஓடியாந்தேனேடி. வெட்டுன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு? இந்தா பாரு!" இடது கையை நீட்டினாள். சுண்டுவிரல் நுனி இல்லாத கை. பூவிழி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அறுப்பில் போனது. "இதுக்கு மேலயும் இதே எலதான் வச்சிக் கட்டுனாங்க. கட்டிக்கிட்டு மிச்சக் கதிரையும் அறுத்துட்டுத்தான் வந்தேன். போ. அவங்க என்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா. வந்து சத்தியத்தக் காப்பாத்து."

பூவிழி காத்தானை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

படப்பிடிப்பு வயலின் ஓரத்தில், யாரும் பார்ப்பதற்கு முன்னால், கட்டைப் பிரித்துப் போட்டாள். ஈரத்துணியால் இலையைத் துடைத்தாள். தூக்கிக்கொண்ட விளிம்பைப் பசை வைத்து அமுக்கினாள், இருந்த பாகு ரத்தத்தை ஊற்றினாள். எவ்வளவு துடைத்தும் பச்சைக் கறை மட்டும் போகவில்லை. இருக்கட்டும், வந்தது வரட்டும் என்று தஹ்மீனா முன்னால் காத்தானை நிறுத்தினாள்.

தஹ்மீனா குனிந்து, டார்ச் அடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்கக்கா. உண்மையாவே நல்லா இருக்கு." தஹ்மீனா நிமிர்ந்து டார்ச்சை அணைத்தார். "ஆனா மறைக்காம சொல்லணும் இல்லையா? இதே வெட்டை நானும் போடுவேன். நாங்க எல்லாரும் அதே வீடியோவைப் பார்த்துத்தான் கத்துக்கறோம். இதுல உங்க கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை."

அம்மா தலையில் அடித்த சத்தியம் பூவிழியின் காதில் மணியாக ஒலித்தது. பெட்டியின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'போச்சு. எல்லாம் போச்சு' என்று நினைத்தபோது தஹ்மீனா மறுபடி குனிந்தார்.

"இது என்ன பச்சை? சீழ் வைக்கிற மாதிரி காட்ட நினைச்சீங்களா?"

காத்தானால் சும்மா இருக்க முடியுமா? எறும்பில் ஆரம்பித்து, மதகு, நடவு, செங்கமலம் நக்கிப் பார்த்தது, சக்கர வியாதி வரைக்கும் நடித்தே காட்டிவிட்டான். தஹ்மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதாநாயகியாக நடிக்கும் அம்ருதாவும் எழுந்து வந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்த தஹ்மீனா டக்கென்று நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. வெட்டு பட்டா உடனே இலை வச்சுக் கட்டிடுவாங்களா? எல்லாருமே?"

"ஆமா. தொறந்த காயத்தோட ஒருத்தர வரப்பு தாண்ட விட மாட்டாங்களே" என்று சொல்லும்போதே பூவிழிக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கட்டு! அம்மா விரலிலேயே பார்த்த கட்டு! எந்த தேசத்துக் காயத்தையோ பார்த்துப் பார்த்துச் செய்து, இதைப் போய்த் துடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாளே!

"அடுத்த காட்சியே அம்ருதா ரத்தம் ஒழுக ஊருக்குள்ள நடந்து வர்றதுதான்" என்றார் தஹ்மீனா. அவர் கண் மின்னியது. "தப்பா எடுக்க இருந்தோம். அக்கா, அம்ருதா கால்ல வெட்டைப் போடுங்க. அதுக்கு மேல அந்த இலை, அந்தத் துணி, அப்படியே வேணும். ஓடுங்க!"

பூவிழி ஓடினாள் என்றா சொல்வது? பறந்தாள்! தஹ்மீனாவின் உயர்ந்த சாமான்களை வைத்து அம்ருதாவின் காலில் வெட்டைப் போட்டாள். தலையில் இடியே விழுந்தாலும் தெரிந்திருக்காது, அப்படி ஒரு வேகம். வரப்பில் தேடிப் பூண்டைப் பிடுங்கி வந்து கசக்கி வைத்தாள். எல்லாம் சரியாக வந்தது, கட்டு மட்டும் நிற்கவில்லை. முடிச்சைப் போட்டு அம்ருதா இரண்டு அடி வைத்தால் சரிந்து கணுக்காலில் விழுந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி விழுந்தது. கேமராக்காரர் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நடவிலிருந்து சாப்பாட்டுக்குக் கரையேறிய பெண்கள், தூக்கோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். காளியம்மாளும் நின்றாள். மகள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கட்டு மூன்றாவது தடவை அவிழ்ந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. தூக்கைச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வந்தாள்.

"எட்டப் போடி. வெட்டுக்கு மேலயா முடிச்சப் போடுவாங்க? புள்ளைக்கு உயிரு போவாது?"

அம்ருதாவின் பாதத்தை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். இலையை உள்ளங்கையில் போட்டு நசுக்கி, சாறு சொட்டச் சொட்ட வைத்து, துணியைக் குறுக்காகக் கொடுத்து, பக்கவாட்டில் ஒரு முடிச்சு. நடுவில் நிமிர்ந்து அம்ருதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

அந்த விரல் நுனி இல்லாத கையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்ருதாவின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. "அப்படியே எழுந்து நடங்க" என்று தஹ்மீனா கிசுகிசுத்தார். அம்ருதா எழுந்து, காலை இழுத்து இழுத்து வரப்பில் நடந்து போனார். துணியில் ரத்தமும் பச்சையும் கலந்து மெல்ல ஊறிப் பரவியது. முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். பூவிழி கைதட்டவில்லை. அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

தஹ்மீனா வந்து அவள் தோளைப் பிடித்தார். "காலையில வந்துடுங்கக்கா. இந்தக் காயம் உங்களோடது. நாளைக்கு எடுக்கறது மூணு நாள் கழிச்சு நடக்கற காட்சி, பொருக்கு கட்டணும். அப்புறம் தழும்பாகணும். கடைசிப் பகுதியில அம்ருதாவுக்கு எழுபது வயசு. அந்தத் தழும்புக்கும் வயசாகணும். அதையும் நீங்கதான் பண்றீங்க."

பூவிழி திரும்பி அம்மாவைத் தேடினாள். காளியம்மாள் வயலுக்குப் போய்விட்டிருந்தாள். மத்தியான நடவு ஆரம்பித்தாயிற்று.

மறுநாள் விடிந்ததும் பூவிழி பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அம்மா வந்து நின்றாள். நடவுக்குப் போகிற சட்டை, தலையில் புதுத் துண்டு. பெட்டியைப் பார்த்தாள். குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் காலு எப்புடி இருக்கு?" என்று கேட்டாள்.

சர்க்கரைப் பாகு என்று தெரியாதா அவளுக்கு? செங்கமலம் நக்கிப் பார்த்ததைக் கூடவே நின்று பார்த்தவள் ஆயிற்றே! பூவிழிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. இன்னைக்குப் பொருக்கு கட்டிரும்."

"அப்புடியா?" காளியம்மாள் மடியை அவிழ்த்தாள். உள்ளே பனி காயாத வெட்டுக்காயப் பூண்டு, ஒரு பெரிய கொத்து. பெட்டியின் மேல் வைத்தாள்.

"கட்டப் பிரிச்சிட்டுப் புதுசா வையி. நேத்து எல ஆவாது" என்று சொல்லிவிட்டு நடவுக்கு நடந்தாள்.